அந்த ‘ஆர்’ யார் போட்டது?

கல்ச்சர் ரிப்போர்ட் என்ற காகிதத்தை, அதாவது நோயாளியிடம் எடுத்த கிருமியை வளர்த்து எந்த ஆன்டிபயாடிக்குக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்லும் தாளை, முதன்முதலில் கையில் வாங்கியபோது அதை எப்படிப் படிப்பதென்றே எனக்குத் தெரியாது. இடப்பக்கம் வரிசையாக மருந்துப் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒற்றை எழுத்து. ஆர், ஆர், ஆர். விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனேன், ஆர்தான். கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும் ஒரு ‘ஐ’.

படுத்திருந்தது என் மாமா. ப்ராஸ்டேட் ஆபரேஷன், பெரிய விஷயமில்லை, நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். சிறுநீர்க் குழாயைக் கழற்றுவது இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய் ஒன்பதாவது நாள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம், காய்ச்சல், அப்புறம் ஐசியூ. க்ளெப்சியெல்லா என்ற கிருமி. ‘ஆர்’ என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது. ‘எஸ்’ என்றால் சாகும். ‘ஐ’ என்றால் இரண்டுக்கும் நடுவில். அந்தத் தாளில் ‘எஸ்’ ஒன்றுகூட இல்லை.

டாக்டர் கெட்டவர் இல்லை, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர். ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “கண்ட கண்ட மாத்திரையை வாங்கிப் போடறது, பாதியில நிறுத்தறது. எல்லாரும் இப்படிப் பண்ணித்தான் சார் இங்க வந்து நிக்குது.” அன்று சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது மாமா என்னிடம் கேட்டார், “நான் எப்ப மாப்ள பாதியில நிறுத்தினேன்?” தலைவலிக்கே மாத்திரை போடாத மனிதர். பாதியில் நிறுத்தியவன் நான். சளி பிடித்தாலே “ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்டு வாங்குகிறவனும் நான்தான். என் மேஜை டிராயரில் மூன்று மாத்திரை தின்று மூன்று மிச்சம் வைத்த அட்டைகள் இப்போதும் கிடக்கின்றன.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது குறைந்து வேறொரு எரிச்சலாக மாறிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த எரிச்சல்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பம். நாம் “மருந்து உடம்புக்குப் பழகிடுச்சு” என்று சொல்வோம். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. ஆன்டிபயாடிக்கே சாப்பிடாத ஆளுக்கும் பழகிய கிருமி வந்து ஒட்டிக்கொள்ளும், பக்கத்துக் கட்டிலில் இருந்தோ, குழாயில் இருந்தோ, தண்ணீரில் இருந்தோ. பத்திரிகைகளில் ‘எதிர்ப்புத்திறன்’ என்று எழுதுவதும் உதவவில்லை, ‘நோய் எதிர்ப்புத்திறன்’ என்ற நல்ல விஷயத்தோடு போய்க் கலந்துவிடுகிறது. வார்த்தை தப்பாக இருந்தால் பழியும் தப்பான ஆள் மேல்தான் விழும்.

அந்தப் பழிக்கு வயது எண்பது. 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானாகவே பெனிசிலின் வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொள்கிறார், தொண்டையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாகாமல் பழகிக்கொள்கிறது, மனைவிக்குத் தொற்றுகிறது, அவருக்கு நிமோனியா வருகிறது, பெனிசிலின் வேலை செய்யாமல் அந்த அம்மா இறந்துபோகிறார். தப்பு யாருடையது? கணவருடையது. கதை சுலபமாக மனதில் ஒட்டியது, ஒட்டியது அப்படியே நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்கு முக்கியமான காரணமாக இருக்கும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் இன்றுவரை பெனிசிலினுக்குப் பழகவே இல்லை. எண்பது வருஷம் கோடிக்கணக்கான பேர் அரையும் குறையுமாகச் சாப்பிட்டும் பழகவில்லை. பழகியவை வேறு கிருமிகள். பெனிசிலினை உடைக்கும் நொதி சில கிருமிகளிடம் இருப்பதை ஆப்ரஹாமும் செயினும் 1940-லேயே எழுதிவிட்டார்கள், அதாவது மருந்து மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே.

பெரும்பாலான ரெசிஸ்டன்ஸ் உருவாகும் விதம் ஃப்ளெமிங்கின் கதை மாதிரி இல்லை. ஒரு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறோம். அது அந்த நோய்க் கிருமியை மட்டும் தேடிப் பிடித்து அடிப்பதில்லை. குடலில், தோலில் சும்மா குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் மேலும் சேர்ந்தே விழுகிறது. அவற்றில் தாங்கக்கூடியவை மிஞ்சுகின்றன, பெருகுகின்றன, பின்னொரு நாள் ஒரு குழாய் வழியாகவோ ஆபரேஷன் காயம் வழியாகவோ நுழையக் கூடாத இடத்துக்குள் நுழைகின்றன. அப்படிப் பார்த்தால் தேவைக்கு மேல் ஒவ்வொரு நாள் சாப்பிடுவதும் தாங்கும் கிருமிகளைப் பொறுக்கியெடுத்து வளர்ப்பதுதான். 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில நிபுணர்கள் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள்: ‘கோர்ஸை முழுசா முடிக்கணும், இல்லன்னா ரெசிஸ்டன்ஸ் வரும்’ என்ற அறிவுரைக்குப் பின்னால் பெரிய ஆதாரம் இல்லை என்று. காசநோய் மாதிரியானவை விதிவிலக்கு, அங்கே பாதியில் நிறுத்துவது நிஜமாகவே ஆபத்து. ரத்தத்தில் பாக்டீரியா பரவிய நோயாளிகளுக்கு 14 நாள் சிகிச்சைக்கு 7 நாள் சிகிச்சை குறைந்ததல்ல என்று, ஏழு நாடுகளின் 74 மருத்துவமனைகளில் 3,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பேலன்ஸ் என்ற ஆய்வு 2024-ல் காட்டியது. (இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள், ‘இத்தனை நாள் அவசியமா?’ என்றும் சேர்த்துக் கேளுங்கள்.)

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். அந்த ‘ஐ’ எழுத்துக்கு நேரே இருந்த மருந்து கொலிஸ்டின்.

கொலிஸ்டினின் ஜாதகம் விசித்திரமானது. 1940-களின் இறுதியில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச காலம் ஊசியாகப் போட்டார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1970-கள் வாக்கில் பரணில் தூக்கிப் போட்டார்கள். மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்க ஆய்வகத் தர நிர்ணய அமைப்பு 2020-லிருந்து இதற்கு ‘எஸ்’ என்ற எழுத்தையே எடுத்துவிட்டது. கேட்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது, அதனால் ஒன்று ‘ஐ’, இல்லை ‘ஆர்’. மாமாவுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே நல்ல எழுத்து. மருந்து ஏற ஏற, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியது, ஒவ்வொரு காலையும் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தோம்.

மனிதனுக்கு வேண்டாம் என்று பரணில் வைத்திருந்த அந்த முப்பது வருஷமும் கொலிஸ்டின் சும்மா இருக்கவில்லை, தீவனத்தில் இருந்தது. பன்றியும் கோழியும் சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று நோயே இல்லாத விலங்குகளுக்கு டன் கணக்கில் கலந்து கொடுத்தார்கள். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது: பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கொலிஸ்டினைத் தாங்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு கிடைத்திருக்கிறது, அதுவும் பிளாஸ்மிட்டில். இது ஏன் பெரிய விஷயமென்றால், பிளாஸ்மிட் என்பது கிருமிக்குக் கிருமி கைமாற்றிக்கொள்ளும் துண்டுச் சீட்டு மாதிரி. பிள்ளைகுட்டி பெற்றுப் பரப்ப வேண்டியதில்லை, வேறு இனத்துக் கிருமிக்கே கொடுத்துவிடலாம். தேடிப் பார்த்ததில் சில மாதங்களுக்குள் பல கண்டங்களில் அகப்பட்டது.

ஆனால் இதில் நல்ல செய்தியும் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2017-ல் சீனா, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. 2015-ல் 27 ஆயிரம் டன்னுக்கு மேல் தயாரான கொலிஸ்டின் தீவனக் கலவை 2018-ல் இரண்டரை ஆயிரம் டன்னுக்கு வந்தது. பின்தொடர்ந்த ஆய்வில் எம்சிஆர்-1 இருக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைச் சுமந்த மனிதர்களின் பங்கு 2016-ல் 14.3 சதவீதமாக இருந்தது, 2019-ல் 6.3 சதவீதம். ஒரே ஒரு உத்தரவு, மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் எத்தனை தனிமனிதர்கள் எத்தனை கோர்ஸை ஒழுங்காக முடித்திருந்தாலும் இந்த இறக்கம் வந்திருக்காது. டென்மார்க் 1995-லேயே அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்திலிருந்து எடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் தடை செய்தது. அங்கெல்லாம் இறைச்சித் தொழில் மூழ்கிவிடவில்லை.

அடுத்து, புது மருந்து ஏன் இல்லை? “ஏன் சார், இவ்வளவு விஞ்ஞானம் வளர்ந்திருக்கே” என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். இருக்கிறது. மாமாவுக்கு வந்த மாதிரியான சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கென்றே பிளாசோமைசின் என்ற மருந்துக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த அகேயோஜென் என்ற நிறுவனம் 2019 ஏப்ரலில் திவால். பத்து மாதம்கூட ஆகவில்லை. அதே 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பிளாசோமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்று உலகமே சொல்கிறது, செய்தவன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

இதில் யாரும் சதி செய்யவில்லை, கணக்கே அப்படி. ரத்த அழுத்த மாத்திரையை ஆயுசு முழுக்கச் சாப்பிடுகிறோம். நல்ல புது ஆன்டிபயாடிக்கையோ கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்து ‘கடைசியில்தான் தொட வேண்டும்’ என்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவும் பழகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தபோது மூன்றாவது வகைக்கு ‘ரிசர்வ்’ என்றே பெயர் வைத்தது. விற்கக் கூடாத சரக்கைத் தயாரித்து விற்றுப் பிழைத்துக்கொள் என்றால் எவன் தயாரிப்பான்? திருடன் வந்த ராத்திரிக்கு மட்டும்தான் சம்பளம் என்றால் எந்தக் காவல்காரர் தங்குவார்?

இங்கிலாந்து இதற்கு ஒரு வழி செய்து பார்த்தது. 2022-ல் இரண்டு மருந்துகளுக்கு, எத்தனை பேருக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு நிலையான தொகை, அதிகபட்சம் ஒரு கோடி பவுண்டு. விற்பனைக்கும் வருமானத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஒரு நாடு கட்டும் சந்தா உலகத்துக்கான ஆராய்ச்சியைத் தாங்காது. பெரிய சந்தையான அமெரிக்காவில் இதே மாதிரியான பாஸ்டர் சட்ட மசோதா பல வருஷமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைத்தான் நான் கடைசியாகப் புரிந்துகொண்டேன். ஆன்டிபயாடிக்கை எல்லாரும் அளவுக்கு மீறித் தின்கிறார்கள் என்று மட்டும் பேசினால் பாதி உண்மை. 2025-ல் லான்செட் குழும இதழில் வந்த ஓர் ஆய்வு, குறைந்த, நடுத்தர வருமானமுள்ள எட்டு நாடுகளை எடுத்துக்கொண்டது. கார்பபெனம் என்ற பலமான ஆன்டிபயாடிக் வகைக்கும் அடங்காத கிருமித் தொற்று அங்கே 2019-ல் சுமார் 15 லட்சம். அவர்களில் சரியான மருந்து கிடைத்தது 6.9 சதவீதம் பேருக்கு. மற்றவர்களுக்கு மருந்து இல்லை, மருந்து இருந்தால் டெஸ்ட் இல்லை, டெஸ்ட் இருந்தால் ஆள் அவ்வளவு தூரம் வரவே இல்லை. வேண்டாத இடத்தில் கொட்டுகிறது, வேண்டிய இடத்தில் சொட்டுகூட இல்லை. ‘எல்லாரும் குறையுங்கள்’ என்ற ஒற்றைக் கோஷம் இந்த 93 சதவீதம் பேர் காதில் எப்படி விழும்?

டெஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மாமாவின் கல்ச்சர் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் குத்துமதிப்பாக, எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய மருந்தாகவே போட்டார்கள். டாக்டரைக் குறை சொல்ல முடியாது, காத்திருந்தால் ஆள் போய்விடுவார். இந்த இருட்டை ஒழிக்கத்தான் பிரிட்டனில் 2014-ல் லாஞ்சிட்யூட் பரிசு என்று 80 லட்சம் பவுண்டு அறிவித்தார்கள், சீக்கிரமாகக் கிருமியைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு. கொடுக்கப் பத்து வருஷம் ஆகியது. 2024-ல் பரிசு வாங்கிய கருவி, சிறுநீரில் பாக்டீரியா இருக்கிறதா என்று பதினைந்து நிமிஷத்திலும், எந்த மருந்துக்குச் சாகும் என்று முக்கால் மணி நேரத்திலும் சொல்கிறது. மூன்று நாள் எங்கே, முக்கால் மணி நேரம் எங்கே. அது ஒவ்வொரு வார்டுக்கும் எப்போது வரும் என்பது விஞ்ஞானக் கேள்வி இல்லை, பட்ஜெட் கேள்வி.

இனி சிங்க் கதை.

ஐசியூ வாசலில் ஒரு சிங்க். சுவரில் கை கழுவும் ஏழு படிகள் வண்ணப் படமாக ஒட்டியிருந்தது. கீழே இருந்த சோப்பு பாட்டில் காலி. நான் இருந்த எல்லா நாளும் காலி. தலையை அழுத்தினால் காற்று மட்டும் வரும். சிஸ்டரிடம் சொன்னேன். “இன்டென்ட் போட்டிருக்கோம் சார்” என்றார், ஸ்டோரில் சோப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அவரைச் சுற்றி எட்டுக் கட்டில், ஓடிக்கொண்டே இருந்தார். சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3-லிருந்து 7 சதவீதம் என்பது நன்றாகத் தெரிந்த கணக்கு. குழாயை ஒரு நாள் முன்னதாகக் கழற்றுவதும், கையைக் கழுவிவிட்டுத் தொடுவதும்தான் வைத்தியம். வியன்னாவில் செம்மெல்வைஸ் கை கழுவச் சொல்லிப் பிரசவ வார்டில் சாவைக் குறைத்தது 1847-ல். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, நோயாளியைத் தொடும் இடத்திலும் கழிப்பறையிலும் கை சுத்தம் செய்ய வசதி இல்லாத மருத்துவ நிலையங்கள் உலகத்தில் பாதி.

இங்கேதான் என் எரிச்சல் உச்சத்துக்குப் போனது. 2018-ல் காலிக்னன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும் கூட்டாளிகளும் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். எந்த நாட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பது எவ்வளவு ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள் என்பதோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை, சுகாதார வசதி, குடிநீர், நிர்வாகம் இவற்றோடுதான் பொருந்தியது. கிருமி பழகுவது ஓர் ஆளுக்குள் நடக்கலாம், அது ஊரெல்லாம் பரவுவது சாக்கடை வழியாக. 2019-ல் ரெசிஸ்டன்ஸ் நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 12.7 லட்சம், தொடர்புள்ள சாவுகள் 49.5 லட்சம் என்பது மதிப்பீடு. மருத்துவமனைச் சுத்தம், ஊருக்குக் குடிநீரும் கழிப்பறையும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, இந்த மூன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தால் வருஷத்துக்கு ஏழரை லட்சம் சாவைத் தடுக்கலாம் என்று 2024-ல் லான்செட் கட்டுரைத் தொடர் கணக்குப் போட்டது. மூன்றிலுமே புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை.

தடுப்பூசி ரெசிஸ்டன்ஸுக்கு மருந்து என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரு டைஃபாய்டு கிளம்பியது, வாயில் போடும் மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றுதான் அதற்குக் கேட்டது. 2019-ல் பாகிஸ்தான், டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்த முதல் நாடானது. நோயே வராவிட்டால் மாத்திரையே வேண்டாம், மாத்திரை வேண்டாமென்றால் பழகுவதற்கும் ஒன்றுமில்லை.

ஐநா சபை 2024 செப்டம்பரில் கூடி, இந்தச் சாவுகளை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்று தீர்மானம் போட்டது. பத்து சதவீதம். தேசியச் செயல்திட்டம் எழுதி வைத்திருக்கும் நாடுகள் 170-க்கு மேல், அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியவை ஏறக்குறைய பத்தில் ஒன்று. அடுத்த வருஷமே, ஏழை நாடுகளில் ஆய்வகங்களையும் கண்காணிப்பையும் வளர்க்க ஃப்ளெமிங் பெயரிலேயே நடத்தி வந்த நிதியை நிறுத்துவதாக பிரிட்டன் அறிவித்தது. ஃப்ளெமிங்கின் கதையில் வரும் தொண்டை வலிக்காரரை மட்டும் இன்னும் விடவில்லை, விழிப்புணர்வு போஸ்டர்களில் அவர்தான் இருக்கிறார்.

எனக்கும் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் சளிக்கு நான் மருந்து கேட்பதில்லை, டாக்டரே எழுதினாலும் ‘இது வைரஸா, பாக்டீரியாவா?’ என்று கேட்டு அவரைக் கடுப்பேற்றுகிறேன். ஆனால் என் டிராயருக்கும் மாமாவின் ரிப்போர்ட்டுக்கும் நடுவில் தீவன மூட்டை, திவாலான கம்பெனி, மூன்று நாள் கல்ச்சர், காலி பாட்டில் என்று இத்தனை பேர் நிற்கும்போது, நான் மட்டும் கையைத் தூக்கிச் சரணடைய வேண்டுமா?

மாமா பிழைத்தார். இருபத்தோராவது நாள் வீட்டுக்கு வந்தார், பாதி உடம்பாக. ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார், அடுத்த தடவை எந்த டாக்டரும் கேட்பார்கள் என்று. ஒரு மாதம் கழித்து ரிவ்யூவுக்குப் போனபோது அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு ஐசியூ பக்கம் எட்டிப் பார்த்தேன். பாட்டில் நிறைய சோப்பு இருந்தது. அதே சிஸ்டர்தான்.

“இன்டென்ட் வந்துடுச்சா சிஸ்டர்?”

“எங்க சார். நாலாம் பெட் பேஷன்ட் கூட இருக்கறவங்க வாங்கி வெச்சிருக்காங்க.”